தொழில் நினைவும் கட்டடப் பெயரும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் பற்றிய ஓர் ஆய்வு

ஊர்ப்பெயர்களை ஆராய்வார், மன்னர் பெயரால் அமைந்தன, மரத்தின் பெயரால் அமைந்தன, இறைவன் பெயரால் அமைந்தன எனப் பலவாறாக அவற்றைப் பகுத்துக் காண்பர். இத்துறையில் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் 'ஊரும் பேரும்' என்னும் நூல் நமக்கு வழிகாட்டியாய் நிற்கின்றது. தொழிலின் பெயரால் அமைந்த இடப்பெயர்களும் தமிழ்நாட்டில் பலவாகும். புளியமரம் பட்டுப்போன பின்னும் ஊர்ப்பெயர் அம்மரத்தைச் சுட்டுவது போல, தொழில் மறைந்த பின்னும் அத்தொழிலைச் சுட்டி நிற்கும் பெயர்கள் இவை. ஆயினும் மரப்பெயரில் எழாத வினா ஒன்று தொழிற்பெயரில் எழும். தொழிலில் முதல் இட்டவரும் உண்டு. உடல் வருந்தி உழைத்தவரும் உண்டு. தொழில் நடந்த இடமும் அதற்குரிய கருவியும் உண்டு. இவற்றுள் எதனைப் பெயர் நினைவிற் கொண்டது, எதனை விட்டது என்பதே அவ்வினா.

பழைய ஆலைகள் நின்ற இடத்தில் புதிய கட்டடங்கள் எழுந்து, பழம்பெயரைத் தாங்கி நிற்றலை இன்று நகரங்களிற் காண்கின்றோம். விழுப்புரமும் திண்டிவனமும் அந்நிலையை இப்பொழுதுதான் எய்துகின்றன. ஆங்கே எழும் தொழிற்கட்டடங்களுக்குப் பெயரிடும் காலம் இதுவேயாதலின், பெயரிடும் நெறியையும் இப்பொழுதே ஆராய்தல் பயனுடைத்து. முதற்கண் நகர வழக்கினைக் கண்டு, பின்னர்ச் சோழர்காலத் தொழிற்பெயர்களை நோக்கி, அவ்விரண்டின் துணைகொண்டு விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் தொழில் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நகரங்களிற் காணும் வழக்கு

சென்னை மெட்ரோ தொடர்வண்டிப் பாதையின் வட பகுதி 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பெற்றது. அப்பகுதியில் உள்ள நிலையங்களுள் மூன்றன் பெயர்கள் நம் ஆய்வுக்கு உரியன. அவை புதுவண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை, விம்கோ நகர் என்பன. வண்ணாரப்பேட்டை, ஆங்கிலேய வணிகக் குழுவினர் கொண்ட துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம். காலடிப்பேட்டை, நெசவாளரைக் குடியேற்றி அமைத்த ஊர். கோலட் என்னும் ஆளுநரின் பெயரே மக்கள் நாவிற் காலடி எனத் திரிந்தது. விம்கோ என்பதோ, 1923-இல் தோன்றிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்னும் தீப்பெட்டி நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம்.

மூன்றும் தொழிலால் வந்த பெயர்களே. ஆயினும் ஒன்று தொழில் செய்தாரின் குலத்தைக் கூறுகின்றது. ஒன்று ஆட்சியாளனைக் கூறுகின்றது. ஒன்று உடைமை நிறுவனத்தைக் கூறுகின்றது. காலடிப்பேட்டை என்னும் பெயரிலிருந்து அங்கே தறி ஓடியதை ஒருவரும் உணர இயலாது. விம்கோ என்னும் பெயரைக் கேட்டுத் தீக்குச்சியை நினைப்பார் முதியோர் சிலரே.

இவற்றோடு சிந்தாதிரிப்பேட்டையை ஒப்பிடுக. 1734-ஆம் ஆண்டளவில், மார்ட்டன் பிட் ஆளுநராய் இருந்த காலத்தில், நெசவுத் தொழிலாளர்க்கென அமைந்த ஊர் அது. சின்னத் தறிப் பேட்டை என்பதே அவ்வாறு திரிந்தது என்பர். உருத்திரிந்த நிலையிலும் தறி என்னும் சொல் அதனுள் மறைந்து வாழ்கின்றது. காலடிப்பேட்டையும் இதுவும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே நோக்கத்திற்காக அமைந்த ஊர்கள். ஒன்று ஆளுநரை நினைந்தது. மற்றொன்று கருவியை நினைந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாகியும் கருவியை நினைந்த பெயரே தன் பொருளை ஆராய்வார்க்கு எளிதில் உணர்த்துகின்றது.

இனி, திரைப்படத் தொழிலால் வந்த பெயர்களைக் காண்போம். எஸ். எஸ். வாசன் அவர்கள் நடத்திய ஜெமினிப் படநிலையம் இருந்த இடத்தருகே 1973-இல் ஒரு மேம்பாலம் திறக்கப்பெற்றது. அதற்கு அண்ணா மேம்பாலம் என்பது அரசு இட்ட பெயர். மக்களோ படநிலையம் மறைந்த பின்னும் ஜெமினிப் பாலம் என்றே வழங்கி வருகின்றனர். வடபழனியில் விஜயா-வாகினிப் படநிலையத்தின் நிலத்தில் 2013-இல் திறக்கப்பெற்ற பெருங்கடைக் கட்டடம் முதலில் ஃபோரம் விஜயா என்றும், கைம்மாறிய பின்னர் நெக்சஸ் விஜயா என்றும் பெயர் பெற்றது. முற்பகுதி உடைமையோடு மாறியது. படநிலையத்தைக் குறிக்கும் பிற்பகுதி மாறாது நின்றது. வணிக நோக்கில் இடப்பெற்ற பெயரிலும் இடத்தின் பழமைக்கு ஒரு மதிப்புண்டு என்பது இதனாற் புலனாம்.

எனினும் இம்மதிப்பு இடத்தை விட்டு நீங்கிப் பயணம் செய்யவும் கூடும். மும்பையின் லோயர் பரேல் பகுதியில் 1905-இல் ஃபீனிக்ஸ் என்னும் பஞ்சாலை தோன்றியது. ஆலைத் தொழில் தளர்ந்தபின் அந்நிலத்தில் அதே பெயரோடு பெருங்கடை வளாகம் எழுந்தது. பின்னர் அப்பெயர் வணிகக்குறியாகிப் பல நகரங்களுக்குச் சென்றது. 2013-இல் சென்னை வேளச்சேரிக்கும் வந்தது. மும்பையில் அப்பெயர் ஓர் ஆலையின் நினைவு. வேளச்சேரியில் அது வெறும் பெயர். மேலைநாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. இலண்டன் துறைமுகத்தில் கேனரித் தீவுகளிலிருந்து வந்த பழங்களை இறக்கிய துறைமேடை கேனரி வார்ஃப் எனப்பட்டது. இன்று அவ்விடத்தில் நிற்கும் வங்கிக் கோபுரங்களும் அப்பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகின்றன. அப்பெயரில் தீவும் துறையும் உள்ளன. மூட்டை சுமந்தவன் இல்லை.

சுமந்தவனைப் பற்றிய இக்குறை சென்னைக்கும் உரியதே. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளை மக்கள் பின்னி மில் என்றே வழங்கினர். பின்னி என்பது அவற்றை நடத்திய வணிக நிறுவனத்தின் பெயர். அவ்வாலைத் தொழிலாளரைக் கொண்டே 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியத் தொழிற்சங்க வரலாறு அதிலிருந்தே எழுதப்படுகின்றது. திரு. வி. க. அவர்களின் தமிழ் உரைநடையும் மேடைத்தமிழும் தொழிலாளரை நோக்கித் திரும்பியது அச்சூழலில்தான். 1996-இல் ஆலை மூடப்பெற்றது. மக்கள் நாவில் எஞ்சியது உடைமையாளர் பெயரே.

2. சோழர்காலத் தொழிற்பெயர்கள்

மேற்கண்டவற்றால் தொழிற்பெயர் மூவகைப்படும் எனக் கொள்ளலாம். உடைமையாளராலோ ஆட்சியாளராலோ வருவது ஒன்று. தொழில் செய்வாரின் குலத்தால் வருவது ஒன்று. கருவி, விளைபொருள், தொழிலிடம் ஆகியவற்றால் வருவது ஒன்று. இப்பகுப்பு இக்காலத்திற்கு மட்டும் உரியதன்று. சோழர் கல்வெட்டுகளில் இதற்குத் தெளிவான சான்றுகள் உள.

வரிப்பெயர்களை முதலில் நோக்குக. தறியிறை, செக்கிறை, உப்பாயம், தட்டார்ப்பாட்டம், வண்ணாரப்பாறை என்பன சோழர்கால வரிகளுட் சில. தறியிறையும் செக்கிறையும் கருவியின் பெயரால் அமைந்தன. உப்பாயம் பொருளின் பெயரால் அமைந்தது. தட்டார்ப்பாட்டம் தொழில் செய்வாரின் பெயரால் அமைந்தது. வண்ணாரப்பாறையில் செய்வாரும் தொழிலிடமும் ஒருங்கே நிற்கின்றனர். வரி வாங்கும் அரசு எதனை எண்ண இயலுமோ அதனைக் கொண்டே பெயரிட்டது. தறியை எண்ணலாம், செக்கை எண்ணலாம், துணி துவைக்கும் பாறையையும் எண்ணலாம்.

குடியிருப்புப் பெயர்களில் நிலைமை வேறு. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள், கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீக்கப்பெற்ற நிலங்களைக் குறிக்குமிடத்துக் கம்மாணசேரி, ஈழச்சேரி முதலியவற்றைக் கூறுகின்றன. கம்மியர் வாழ்ந்தது கம்மாணசேரி. கள் இறக்குவோர் வாழ்ந்தது ஈழச்சேரி. அவ்வரிசையிலேயே தீண்டாச்சேரி என்னும் பெயரும் வருகின்றது. உழைப்பாளரை இடப்பெயரில் நினைவிற் கொண்டமை தமிழர் வழக்கே எனப் பெருமை கொள்வார் இப்பெயரையும் உடன் நோக்குதல் வேண்டும். சேரிப்பெயர் உழைப்பைப் பதிவு செய்தது. உழைத்தவரை ஊருக்குப் புறத்தே நிறுத்தியதையும் அதே பெயரிற் பதிவு செய்தது.

இன்னோரன்ன காரணத்தால், இடப்பெயரிற் சாதியை நீக்கும் முயற்சி தமிழகத்தில் நெடுங்காலமாய் நடைபெற்று வருகின்றது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஊர், தெரு, நீர்நிலை ஆகியவற்றின் பெயர்களிலுள்ள சாதிக்கூறுகளை நீக்குமாறு தமிழ்நாட்டு அரசு ஆணை பிறப்பித்தது. இம்முயற்சி வேண்டுவதே. ஆயின் இடப்பெயர் ஆராய்வார்க்கு இதனால் ஓர் இடர்ப்பாடு எழும். குலப்பெயரை நீக்குமிடத்துத் தொழிலின் நினைவும் உடன் நீங்கும். அவ்வெற்றிடத்தில் தலைவர் பெயரோ மலர்ப்பெயரோ வந்தமருமாயின், அங்கே நடந்த தொழிலுக்குச் சான்றே இல்லாதொழியும். குலத்தை நீக்கித் தொழிலைக் காக்கும் வழி உண்டோ எனின், உண்டு. அஃது அம்மூன்றாம் வகையே. திண்டிவனம் வட்டாரத்தின் பழம்பெயர்கள் அவ்வழியை நமக்குக் காட்டுகின்றன.

3. உப்பு

திண்டிவனம் என்னும் பெயரைத் திந்திரிவனம் என்பதன் திரிபாகக் கொள்வர். திந்திரி என்பது புளி. அங்குள்ள சிவன் கோயிலின் இறைவன் பெயரும் இதற்கு அரண் செய்யும். திண்டிவனத்தை அடுத்துள்ள கிடங்கில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடியது நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை. அந்நூலில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணமாகவும், வேலூரை உப்புவேலூராகவும் அறிஞர் கருதுவர்.

ஈண்டு ஒரு செய்தி கருதற்பாலது. நத்தத்தனார் வேலூரிற் கூறுவது எயிற்றியர் சமைத்த புளிச்சோறு. எயிற்பட்டினத்திற் கூறுவது நுளைமகள் அரித்த தேறலும் சுட்ட மீனும். உப்பு வணிகரான உமணரின் வண்டியொழுங்கு அந்நூலில் வருகின்றதாயினும், அது கொற்கையை நோக்கிய பகுதியில் வருவது. வேலூருக்கு உப்பு என்னும் அடை அந்நூலில் இல்லை. ஆகவே வேலூர் என்னும் பெயருடைய பிறவூர்களினின்று பிரித்தறியும் பொருட்டு அவ்வடை பின்னர்ச் சேர்ந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். ஓர் ஊரைப் பிறவூர்களினின்று பிரித்துக் காட்ட மக்கள் தேர்ந்தது அங்குள்ள தலைவன் பெயரையன்று; அப்பகுதிக்குச் சிறப்பளித்த பொருளையே தேர்ந்தனர். இலக்கியம் பதிவு செய்யாத தொழிலை ஊர்ப்பெயர் பதிவு செய்தது என்க.

உப்பு விளையும் இடத்திற்கு அளம் என்பது பழம்பெயர். அளத்தில் உழைப்பவர் அளவர். நெய்தல் நில மக்கட்பெயர்களுள் இதுவும் ஒன்று. தொழிலிடத்தாற் பெயர்பெற்ற மக்கள் இவர். கடல்நீரையோ உவர்நீரையோ பாத்திகளில் தேக்கி, வெயிலிற் காயவிட்டு, படிந்த உப்பை வாரிக் குவித்தலே இத்தொழில். வடகிழக்குப் பருவமழை தொடங்கின் தொழில் நின்றுவிடும். மழைக்காலத்தில் அளத்தொழிலாளர்க்கு வேலை இல்லை. வெயிற்காலத்தில் நிழல் இல்லை. 1805-இல் ஆங்கிலேய ஆட்சி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமையாக்கியது. அன்று முதல் அளம் அரசின் காவலுக்கு உட்பட்ட இடமாயிற்று. உப்பு வரி நீங்கியது 1947-இல். மரக்காணத்தில் உப்பளத் தொழில் இன்றும் நடைபெறுகின்றது.

அளம் மறைந்தாலும் பெயர் மறையாமைக்கு அண்டையிலுள்ள புதுச்சேரியே சான்று. அந்நகரின் உப்பளம் என்னும் பகுதி இன்று நகரின் நடுவே விளையாட்டரங்கும் சாலைகளும் கொண்டு விளங்குகின்றது; சட்டமன்றத் தொகுதி ஒன்றும் அப்பெயர் உடையது. ஆங்கு உப்பு விளைந்த காலத்தைக் கண்டிராதவரும் அப்பெயரைச் சொல்லி அதன் பொருளை உணர்கின்றனர். அதே நகரின் பஞ்சாலைகளை இதனோடு ஒப்பிடுக. சவானா ஆலை சுதேசி ஆலையாயிற்று. கெப்ளே ஆலை பாரதி ஆலையாயிற்று. ரோடியர் ஆலை ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையாயிற்று. உடைமையும் ஆட்சியும் மாறுந்தோறும் பெயரும் மாறியது. 1936-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் எட்டு மணி நேர வேலை முதலிய உரிமைகளுக்காகப் போராடிய ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுடப்பட்டு மாண்டனர். அப்பெயர் மாற்றங்களுள் எதனிலும் அந்நாளின் சுவடு இல்லை.

4. அவுரி

இவ்வட்டாரத்தின் இரண்டாம் பெருந்தொழில் நீலம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டில் அவுரி மிகுதியாக விளைந்தது. அவுரித்தழையைத் தொட்டியில் நீரிட்டு ஊறவைப்பர்; புளித்த நீரை வேறொரு தொட்டிக்கு மாற்றிக் காற்றுக் கலக்குமாறு நெடுநேரம் அடிப்பர்; நீர் பச்சையினின்று நீலமாகும்; அடியில் தங்கிய வண்டலை வடித்துக் காய்ச்சிக் கட்டிகளாக்குவர். இடுப்பளவு நாற்ற நீரில் நின்று அடிப்பது எளிய வேலையன்று. நீலத்தில் தோய்த்த துணிகள் புதுச்சேரித் துறைவழியே மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் வரை சென்றன. இவ்வட்டாரத்தில் சாயத்தொழிலின் தொன்மை இன்னும் பின்னே செல்லவும் கூடும். 1945-இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், ஆங்குக் கண்ட செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயமேற்றிய தொட்டிகளாகக் கருதினார்.

1897-இல் செருமனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே அவுரிப் பயிர் பெரிதும் சுருங்கியது. ஆயினும் அது முற்றும் அழிந்திலது. இயற்கைச் சாயத்தை விரும்புவார் உலகிற் பெருகிய காரணத்தால், திண்டிவனம் சுற்றுப்புறத்தில் அவுரியிலிருந்து நீலம் எடுக்கும் தொழில் இன்றும் நடைபெறுகின்றது.

இத்தொழிலுக்கு இடப்பெயரில் என்ன சான்று உண்டு? நாகப்பட்டினத்தில் அவுரித்திடல் என ஒரு திடல் உண்டு. பொதுக்கூட்டங்களும் போராட்டங்களும் நடைபெறும் இடமாக அது இன்று யாவர்க்கும் தெரிந்தது. அவுரியை அறியாதாரும் நாள்தோறும் அதன் பெயரை உச்சரிக்கின்றனர். அவுரி இன்றும் விளையும் திண்டிவனத்திலோ, பலரும் அறியுமாறு அப்பெயர் தாங்கிய பொதுக்கட்டடம் ஒன்றேனும் எழுதல் தகும்.

5. மணிலா

நிலக்கடலையை இவ்வட்டாரத்தார் மணிலா என்றும், பேச்சில் மல்லாட்டை என்றும் வழங்குவர். மணிலாக்கொட்டை என்பதே மல்லாக்கொட்டை, மல்லாட்டை எனச் சிதைந்தது. தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர் பிலிப்பைன் தீவுகளின் தலைநகரப் பெயரைத் தாங்கித் தென்னார்க்காட்டு மானாவாரி நிலத்தில் வேரூன்றியது. பயிரின் பெயரே அது வந்த வழியைக் காட்டும் இடப்பெயராய் அமைந்தமை காண்க.

1879-இல் விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. உள்நாட்டு மணிலா புதுச்சேரித் துறைக்கு விரைந்து சென்றது; ஆங்கிருந்து பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய், சவர்க்கார ஆலைகளுக்குச் சென்றது. இன்று ஐந்து திசைக்கும் பாதை பிரியும் சந்திப்பாக விழுப்புரம் விளங்குதற்கு இத்தகைய சரக்குப் போக்குவரத்தும் ஒரு காரணம் எனலாம்.

1933-இல் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பெற்றது. உழவர் எடையிலும் விலையிலும் ஏமாற்றப்படுதலைத் தடுக்கச் சந்தைக் குழுக்கள் அமைக்க அது வழிசெய்தது. அதன் வழித்தோன்றலான விற்பனைக்கூடங்கள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள. பெயர்ப்பலகையில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்றிருப்பினும் உழவர் அதனைக் கமிட்டி என்றே கூறுவர். மூட்டையைக் கமிட்டிக்குக் கொண்டு செல்வதாகவே அவர் பேச்சு. தம் நலங்காக்க ஒரு குழு அமைந்தது என்னும் செய்தி அவ்வொரு சொல்லில் உறைந்து கிடக்கின்றது. அரசு மறந்த சட்ட வரலாற்றை உழவர் பேச்சு காத்து வருகின்றது.

திண்டிவனத்தின் பெயர் பெற்ற மற்றொன்று கட்டடமன்று, விதை. ஆங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலை, எள் வகைகள் டி.எம்.வி. என்னும் எழுத்துகளால் குறிக்கப்பெறும். அவ்வெழுத்துகள் திண்டிவனத்தின் சுருக்கம். 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 என்னும் நிலக்கடலை தமிழக எல்லையைக் கடந்து கருநாடகம், ஆந்திரம் முதலிய நாடுகளிலும் பல்லாண்டு பயிரிடப்பெற்றது. திண்டிவனம் எங்குளது என்றறியாத உழவரும் அதன் பெயரை நிலத்தில் விதைத்தனர்.

6. இன்றைய பெயர்கள்

விழுப்புரம் மாவட்டம் தென்னார்க்காட்டினின்று பிரிந்து 1993-இல் தனி மாவட்டமாயிற்று. 2019-இல் அதனின்று கள்ளக்குறிச்சி பிரிந்தது. அண்மையில் இம்மாவட்டத்தில் இரு புதுத்தொழில் அமைப்புகள் தோன்றியுள்ளன. ஒன்று, வானூரை அடுத்த திருச்சிற்றம்பலத்தில் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பெற்ற மினி டைடல் பூங்கா. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கென எழுந்த கட்டடம். மற்றொன்று, திண்டிவனத்தை அடுத்துச் சிப்காட் நிறுவனம் அமைத்துள்ள தொழிற்பூங்காவும் அதனைச் சார்ந்த உணவுப் பூங்காவும்.

டைடல் என்பது டிட்கோ, எல்காட் என்னும் இரு அரசு நிறுவனங்களின் பெயர்ச்சுருக்கங்களை இணைத்து ஆக்கிய சொல். சிப்காட் என்பதும் 1971-இல் தோன்றிய அரசு நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமே. நாம் முன்னர்க் கூறிய மூவகையுள் இவை முதல் வகையைச் சாரும், விம்கோவின் இனத்தன. சென்னைத் தரமணியில் 2000-இல் எழுந்த டைடலும் திருச்சிற்றம்பலத்து டைடலும் பெயரளவில் ஒன்றே. வேளச்சேரி ஃபீனிக்சைப் போன்றே இப்பெயரும் எவ்விடத்தும் பொருந்தும். அதனாலேயே எவ்விடத்தையும் சுட்டாது.

நிறுவனத்தின் பெயர் நிறுவனத்தின் செயலைக் குறிக்கத் தேவை என்பதை யாம் மறுக்கவில்லை. முதலீடு செய்வார் உலகெங்கும் அறிந்த பெயரை விரும்புவர் என்பதும் உண்மையே. ஆயின் நிறுவனப் பெயரோடு இடத்தின் தொழிற்பெயரும் உடன் நிற்றலில் தடை ஒன்றும் இல்லை. வடபழனியில் விஜயா நின்றது அவ்வாறன்றோ? திருச்சிற்றம்பலத்துக் கட்டடத்தின் ஒரு கூடத்திற்கு அளம் என்றும், திண்டிவனத்து உணவுப் பூங்காவின் ஒரு தொகுதிக்கு மணிலா என்றும் செக்கு என்றும் பெயரிடுதல் அரிதன்று. நெசவுக்குப் பெயர்பெற்ற சிறுவந்தாட்டில் எழும் கட்டடத்திற்குத் தறி என்று பெயரிடின் பொருந்தாதெனச் சொல்வார் யார்?

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். உழைப்பாளரின் துன்பத்தை அழகிய சொல்லாக்கிக் கட்டடத்தின் முகப்பில் எழுதுதல் அவர்க்கு என்ன பயன் தரும் என்பதே அத்தடை. இதனை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. அளத்தில் நிழலின்றி உழைப்பவர்க்குக் கூலியும் மழைக்கால உதவியும் வேண்டுமேயன்றிப் பெயர் வேண்டா. பெயர் அவற்றுக்கு ஈடாகாது. ஆயின் தொழில் நடந்த சான்றே இல்லாத இடத்தில், அத்தொழில் செய்தவர்க்கு உரியன யாவை என்னும் பேச்சும் எழாது. பின்னியின் பெயர் எஞ்சியதனால் பின்னி வரலாறு எழுதப்படுகின்றது. அவுரித்தொட்டியில் நின்றவர் வரலாற்றை எழுதப் புகுவார்க்குப் பற்றுக்கோடாக அவுரி என்னும் சொல்லேனும் ஊரில் இருத்தல் வேண்டும்.

7. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படும்.

உடைமையாளர் பெயரால் வந்த தொழிற்பெயர் உடைமையோடு மாறும் இயல்பிற்று. மாறாது நிற்பினும் தொழிலை உணர்த்தும் ஆற்றலை இழக்கும். காலடிப்பேட்டையும் புதுச்சேரி ஆலைகளும் விம்கோ நகரும் இதற்குச் சான்று.

குலத்தால் வந்த தொழிற்பெயர் உழைப்பைக் காட்டுமாயினும் உழைத்தவரை இழித்த வரலாற்றையும் உடன் சுமக்கும். அதனை நீக்குதல் தகும்; நீக்குமிடத்துத் தொழிலின் நினைவையும் சேர்த்து நீக்குதல் தகாது.

கருவி, விளைபொருள், தொழிலிடம் ஆகியவற்றால் வந்த பெயரே நெடுங்காலம் பொருள் விளங்கி நிற்கும். ஒருவரையும் உயர்த்தாது, ஒருவரையும் தாழ்த்தாது. உப்புவேலூரும் உப்பளமும் அவுரித்திடலும் சின்னத் தறிப் பேட்டையும் இதற்குச் சான்று. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திற்கு இந்நெறி புதிதன்று. அதன் பழம்பெயர்களிலேயே உள்ளது.

முதுகலை மாணவர்க்கு ஈண்டு ஒரு பணி காத்திருக்கின்றது. இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் திடல், மேடு, தோப்பு, தெரு, ஏரிக்கரை ஆகியவற்றிற்கு வழங்கும் பெயர்கள் பல அரசு ஏட்டில் ஏறாமல் முதியோர் நாவில் மட்டுமே உள்ளன. செக்கு நின்ற மேடும், சாயத்தொட்டி இருந்த தோப்பும், உப்பு வண்டி தங்கிய சாவடியும் அப்பெயர்களில் இருத்தல் கூடும். கல்வெட்டைப் படியெடுப்பது போல அவற்றையும் ஊர்தோறும் சென்று எழுதித் தொகுத்தல் வேண்டும். பெயர் நீக்கும் ஆணையும் பெயர் சூட்டும் விழாவும் ஒருங்கே நிகழும் இக்காலத்தில் அத்தொகுப்பு அரசுக்கும் பயன்படும். அதனைக் காலந்தாழ்த்தாது தொடங்குதல் தமிழ்த்துறைகளின் கடன்.